கேட்டால்தான் கிடைக்கும்: பிரிட்டனுக்கு முதுநிலை படிக்கப் போகிறவர்களுக்கு

செப்டம்பரில் பிரிட்டனுக்குக் கிளம்புகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் பெட்டியைப் பற்றித்தான். குக்கர் எடுத்துப் போகலாமா, ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிவிடலாமா, ஊறுகாயை விமான நிலையத்தில் விடுவார்களா. அவசியமான கேள்விகள்தான். ஆனால் அங்கே ஒரு வருடம் படித்து முடித்தவன் என்ற முறையில் அவர்களை உட்காரவைத்துச் சொல்ல விரும்புவது வேறு.

நம் கல்லூரியில் வருகை குறைந்தால் ஹெச்.ஓ.டி. கூப்பிட்டு அனுப்புவார். இன்டர்னல் மார்க் குறைந்தால் வீட்டுக்கு போன் போகும். அரியர் விழும் முன்பே யாராவது ஒருவர் திட்டிவிடுவார். அங்கே அப்படித் துரத்துகிறவர்கள் கிடையாது. நீங்கள் வளர்ந்த மனிதர், உங்கள் படிப்பு உங்கள் பொறுப்பு. வாய் திறந்து கேட்கும்வரை எல்லாம் நன்றாகப் போகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். உதவி நிறைய இருக்கிறது, நல்ல உதவியாகவும் இருக்கிறது. நேரத்தோடு கேட்பவருக்கு அது கிடைக்கும். எப்போது, யாரிடம், என்ன கேட்பது என்பதைக் கால வரிசையில் எழுதுகிறேன். இங்கிலாந்தை மனதில் வைத்தே எழுதுகிறேன்; ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வாடகைச் சட்டம் மாதிரி சில விஷயங்கள் மாறும்.

கிளம்பும் முன்: கிரெடிட் கணக்கு

பிரிட்டனில் ஒரு வருட முதுநிலைப் படிப்பு 180 கிரெடிட். வழக்கமாக அதில் 120 வகுப்புப் பாடங்களுக்கு, 60 ஆய்வேட்டுக்கு. ஒரு கிரெடிட் என்பது சுமார் 10 மணி நேர உழைப்பு. அப்படியானால் 20 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 200 மணி நேரம். அந்தப் பாடத்துக்கு வகுப்பு எவ்வளவு நேரம் நடக்கும் தெரியுமா? பல துறைகளில் இருபது, முப்பது மணி நேரம்தான். மிச்சம் நூற்றெழுபது மணி நேரமும் நீங்களாகப் படிக்க வேண்டியது.

கால அட்டவணையில் வாரத்துக்கு மூன்று நாள் வகுப்பு என்று பார்த்ததும் மீதி நாள் முழுக்க வேலைக்குப் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் கடன் வாங்கி அனுப்பியிருக்கும்போது அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் வெற்று நாளாகத் தெரிகிற அந்த நாட்கள்தான் படிப்பு. இந்த ஒரு கணக்கை மட்டும் விமானம் ஏறும் முன் தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

விசா இப்போது அட்டையாக வருவதில்லை, இ-விசாதான். பிரிட்டன் விசா துறையான யு.கே.வி.ஐ.யின் இணையக் கணக்கைத் திறந்து, பாஸ்போர்ட் அதனுடன் இணைந்திருக்கிறதா என்று ஊரிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அதிலிருந்துதான் ஷேர் கோடு, அதாவது உங்கள் விசாவை மற்றவர் இணையத்தில் சரிபார்க்க உதவும் குறியீடு, எடுத்துக் கொடுக்க வேண்டும். தடுப்பூசி போட்ட விவரம், கண்ணாடி பவர் சீட்டு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்தின் ஆங்கிலச் சீட்டு ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள்.

இறங்கிய முதல் வாரம்

முதல் வேலை, பல்கலைக்கழகப் பதிவை முடிப்பது. விசா உங்களுக்குக் கிடைத்திருப்பதே பல்கலைக்கழகம் பொறுப்பேற்றிருப்பதால்தான். நீங்கள் வந்து சேர்ந்தீர்களா, வகுப்புக்கு வருகிறீர்களா என்பதை அவர்கள் உள்துறைக்குச் சொல்லியாக வேண்டும். யாரும் துரத்த மாட்டார்கள் என்றேனே, இது மட்டும் விதிவிலக்கு. வருகைப் பதிவில் விளையாடாதீர்கள்.

இரண்டாவது, ஜி.பி. எனப்படும் பகுதி மருத்துவரிடம் பதிவு செய்வது. உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்யுங்கள். விசாவுக்கு விண்ணப்பித்தபோது சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். 2024 பிப்ரவரி முதல் மாணவர்களுக்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புக்கு விசா கூடுதல் மாதங்களோடு வருவதால் பெரும்பாலும் ஒன்றரை வருடத்துக்கு 1,164 பவுண்டு கட்டியிருப்பீர்கள். அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு, பதிவு செய்யாமல், காய்ச்சல் வந்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஜி.பி.யைப் பார்க்கக் கட்டணமில்லை. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குத்தான் பணம். 25 வயதுக்குள் இருக்கும் புது மாணவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இலவசம், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உடனே உதவி வேண்டும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999.

அந்த வாரத்தில் நடக்கிற புதுமுக விழாவில் தமிழ்ச் சங்கம் இருந்தால் சேருங்கள். தமிழ் சம்பந்தமே இல்லாத ஒரு சங்கத்திலும் சேருங்கள். மலையேற்றம், சமையல், சதுரங்கம், எதுவானாலும் சரி. நம் ஆட்களோடு மட்டுமே இருந்துவிட்டு, வருடக் கடைசியில் இங்கிலீஷ் பேச்சு கொஞ்சமும் மாறாமல் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீடு

முதல் வருடத்துக்குப் பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. வெளியே எடுப்பதானால் சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல் ஏஜென்ட் கமிஷனை வாடகைதாரரிடம் வாங்கக் கூடாது. அட்வான்ஸ், சாதாரண வீடுகளுக்கு, ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகைதான். அட்வான்ஸைப் பெற்ற 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்து உங்களுக்கு விவரம் தர வேண்டும். ‘எந்தத் திட்டத்தில் பதிவு செய்தீர்கள்’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்ட அன்றே பதில் வந்தால் நல்ல வீட்டுக்காரர்.

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘நம்ம ஊர்க்காரர்’ என்பது உத்தரவாதமாகாது. உள்ளே நுழைந்த முதல் நாள் சுவர், மெத்தை, அடுப்பு, குளியலறை மூலை வரை போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், ஒருவர் வாடகை கட்டாமல் ஓடினாலும் மற்ற மூவரிடமும் கேட்பார்கள். யாரோடு கையெழுத்துப் போடுகிறோம் என்று பாருங்கள். ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழக மாணவர் சங்க ஆலோசகரிடம் காட்டினால் இலவசமாகப் படித்துப் பார்த்துச் சொல்வார். முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு கவுன்சில் வரி எனப்படும் உள்ளாட்சி வரி இல்லை. அதற்கான சான்றிதழைப் பல்கலைக்கழகத்திடம் நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அக்டோபர்: வகுப்பும் வாசிப்பும்

லெக்சரில் ஆசிரியர் பேசுவார், நாம் கேட்போம், அது பழகியதுதான். செமினார் புதிது. பதினைந்து இருபது பேர் உட்கார்ந்து, முன்கூட்டியே படித்து வந்த கட்டுரையைப் பற்றி விவாதிப்பார்கள். ஆசிரியர் பாதி நேரம் பேசவே மாட்டார். முதல் மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன்: வீட்டிலேயே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போய், முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுவது. நேரம் போகப் போகப் பேசுவது கடினமாகும். ஒரு முறை குரல் வெளியே வந்துவிட்டால் அப்புறம் தயக்கம் குறையும். உச்சரிப்பு புரியவில்லையென்றால் ‘இன்னொரு முறை சொல்ல முடியுமா’ என்று கேட்பதில் அங்கே அவமரியாதை எதுவும் இல்லை.

ஆசிரியர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். நமக்கு நாக்கு கூசும், பரவாயில்லை. முதல் மின்னஞ்சலில் டியர் டாக்டர் என்றோ புரொபசர் என்றோ குடும்பப் பெயரோடு எழுதுங்கள். பதிலில் அவர் தன் முதல் பெயரைப் போட்டு முடித்திருந்தால் அடுத்த முறை அப்படியே அழைக்கலாம். ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். நலம் விசாரிப்பு நீளமாக வேண்டாம். எந்தப் பாடம், எந்தக் கேள்வி, இதுவரை என்ன முயன்றீர்கள், இவ்வளவுதான் கடிதம்.

ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாரத்தில் ஓரிரு மணி நேரம் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கியிருப்பார்கள். ‘ஆபீஸ் அவர்’ என்று பாடக் கையேட்டில் போட்டிருக்கும். அந்த நேரத்தில் கதவைத் தட்டுவது தொந்தரவு ஆகாது. அவர் உங்களுக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பல நாள் யாருமே வருவதில்லை என்று என் ஆசிரியர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார்.

வாசிப்புப் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவசியம், மேலதிகம் என்று பிரித்திருப்பார்கள்; அவசியத்தை மட்டும் முழுதாகப் படியுங்கள். ஆய்வுக் கட்டுரையைக் கதைப்புத்தகம் மாதிரி முதல் வரியிலிருந்து படித்தால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வரும். சுருக்கம், முடிவுரை, பிறகு முன்னுரை, தேவையென்றால் நடுப்பகுதி. ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: இவர் என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், எனக்கு எங்கே இடிக்கிறது. மூன்றாவது வரிதான் பின்னால் மதிப்பெண்ணாக மாறும்.

நவம்பர்: முதல் கட்டுரை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

என் முதல் கட்டுரைக்கு 48 வந்தது. முதுநிலையில் தேர்ச்சிக்கு 50 வேண்டும். ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பு: விவரிப்பு அதிகம், வாதம் இல்லை. எத்தனை இரவு கண்விழித்து எழுதியது! இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியரின் அறைக்குப் போனேன். இருபது நிமிடம் உட்காரவைத்து, என் கட்டுரையின் ஒரு பத்தியை எடுத்துக் காட்டி விளக்கினார். அந்த இருபது நிமிடம் இல்லாவிட்டால் நான் அந்தப் படிப்பை முடித்திருக்க மாட்டேன்.

அவர் விளக்கியதை வேறொரு உதாரணத்தில் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்தது. 2021 மே மாதம் அது 10 பென்ஸ் ஆகி எல்லாக் கடைகளுக்கும் விரிந்தது. ‘இந்தக் கட்டணம் வெற்றி பெற்றதா?’ என்பது கேள்வி என்று வையுங்கள். எப்போது வந்தது, எவ்வளவு, எந்தக் கடைகளுக்கு, பைகள் எவ்வளவு குறைந்தன என்று வரிசையாக எழுதினால் அது விவரிப்பு. நம் ஊர்த் தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். அங்கே எதிர்பார்ப்பது வேறு: ஒருமுறை பயன்படுத்தும் பைகள் வெகுவாகக் குறைந்தன, சரி, ஆனால் அவற்றுக்குப் பதிலாக மக்கள் வாங்கிய தடித்த பைகளில் இருக்கும் பிளாஸ்டிக்கையும் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும்? வெற்றியைப் பைகளின் எண்ணிக்கையால் அளப்பதா, பிளாஸ்டிக்கின் எடையால் அளப்பதா? நான் எடையால் அளப்பதே சரி என்கிறேன், ஏனென்றால் இன்னின்ன. இது வாதம். உங்கள் நிலைப்பாடு முன்னுரையிலேயே தெரிய வேண்டும், ஒவ்வொரு பத்தியும் அதற்கு ஒரு படி நகர வேண்டும்.

அடுத்தது, பிறர் வரிகள். நமக்குப் பள்ளியிலிருந்தே புத்தகத்தில் உள்ளபடி எழுதுவதுதான் நல்ல விடை என்று பழக்கியிருக்கிறார்கள். அது நூலுக்குக் காட்டும் மரியாதை என்றே நம்பி வளர்ந்தோம். அங்கே அதே செயலுக்குப் பெயர் கருத்துத் திருட்டு. ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாமல் விசாரணைக் குழு முன் போய் நின்ற பிள்ளைகளைத் தெரியும், அவர்களுக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். தப்பிக்க ஒரே வழி குறிப்பெடுக்கும் பழக்கத்தில் இருக்கிறது: புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் சொல்லில் எழுதுங்கள், பக்கத்தில் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் போடுங்கள். அப்படியே எடுக்கும் வரிக்கு அங்கேயே மேற்கோள் குறி. வரிகளை காப்பி செய்து வைத்துவிட்டுப் பிறகு சொற்களை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கடைசி இரவில் எது யாருடையது என்று தெரியாது.

காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருகிறோம் என்று மாணவர் குழுக்களில் ஆட்கள் வருவார்கள். இங்கிலாந்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம். வாங்கிய மாணவரைப் பிறகு மிரட்டிப் பணம் பறிப்பதும் உண்டு. ஏ.ஐ. கருவிகளைப் பொறுத்தவரை பாடத்துக்குப் பாடம் விதி மாறும். கையேட்டில் தெளிவாக இல்லையென்றால் எழுதத் தொடங்கும் முன் பாட ஆசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

நூலகத்தில் கல்வி எழுத்துப் பயிற்சிக்கென்றே ஆட்கள் இருப்பார்கள், முன்பதிவு செய்தால் தனியாக உட்கார்ந்து சொல்லித்தருவார்கள். டெட்லைனுக்கு முந்தைய வாரம் இடம் கிடைக்காது. பத்து நாள் முன்னதாகப் பதிவு செய்யுங்கள்.

மதிப்பெண் வந்ததும்

ஊரில் 85 வாங்கியவருக்கு அங்கே 62 வந்தால் உலகம் இடிந்த மாதிரி இருக்கும். 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன் என்பது அங்குள்ள பொதுவான அளவு; 80-க்கு மேல் என்பது மிக அரிது. 62 நல்ல மதிப்பெண். அம்மா அப்பாவுக்கு இதை முதலிலேயே விளக்கிவிடுங்கள். மதிப்பெண்ணைவிட அதனுடன் வரும் குறிப்பைக் கவனியுங்கள், அடுத்த கட்டுரையைத் தொடங்கும் முன் அதை எடுத்து மேசையில் வையுங்கள். தோற்றால் மறுபடி எழுதலாம். ஆனால் பெரும்பாலும் அதற்குத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் தர மாட்டார்கள்.

தடங்கல் வந்தால்

என்னோடு தங்கியிருந்த ஒருவனுக்கு நவம்பரில் ஊரில் அம்மாச்சி இறந்துபோனார். அவனை வளர்த்தவர். போக முடியவில்லை. வீடியோ காலில் எல்லாம் முடிந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ‘இதைப் போய் வாத்தியாரிடம் சொல்வதா’ என்றான். கட்டுரையை நான்கு நாள் தாமதமாகக் கொடுத்தான். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5 அல்லது 10 மதிப்பெண் குறைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, அவன் தோற்றான். ஜனவரியில் பல்கலைக்கழக அலுவலர் ஒருவரிடம் விளக்கிச் சொன்னபோது, ‘அன்றே சொல்லியிருந்தால் இரண்டு வாரம் கொடுத்திருப்போமே’ என்று அந்த அலுவலர் உண்மையான வருத்தத்தோடு சொன்னாராம். விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டிருந்தது.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. ‘எக்ஸ்டெனுவேட்டிங்’ அல்லது ‘மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்’ என்பார்கள். நோய், சாவு, மன உளைச்சல், வீட்டுப் பிரச்சினை எல்லாம் இதில் அடங்கும். அக்டோபரிலேயே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெட்லைனுக்கு முன்பே அனுப்புங்கள். சான்று பிறகு வரும் என்றால் அதையும் அதில் எழுதுங்கள். உங்களுக்கென ஒதுக்கப்பட்ட பெர்சனல் டியூட்டரிடம் ஒரு வரி எழுதினால் போதும், மீதியை அவர் சொல்வார்.

வேலை

மாணவர் விசாவில் பட்டப்படிப்பு நிலைக்குப் படிப்பு நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சராசரி பார்க்க முடியாது. இரண்டு இடத்தில் வேலை செய்தாலும் சேர்த்துத்தான் 20. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறையில் முழுநேரம் செய்யலாம். ஆனால் முதுநிலை மாணவருக்குக் கோடை விடுமுறை அல்ல, ஆய்வேட்டுக் காலம். 20 மணி நேரம்தான். இதில் பலர் தவறுகிறார்கள்.

சுயதொழில் கூடாது. உணவு டெலிவரி ஆப்களில் ஓட்டுவது பொதுவாகச் சுயதொழிலாகவே கருதப்படும். இன்னொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டினால் விசாவே போகலாம். கையில் காசாக, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுக்கிற இடங்கள் நம்மவர் கடைகளிலும் உண்டு. மறுத்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்தவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அது மாறும். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நூலகம், உணவகம், மாணவர் தூதர் வேலைகள் கிடைக்கும். உங்கள் தேர்வு நாள் தெரிந்து அதற்கேற்ப ஷிப்ட் போடுவார்கள் என்பதால் முதலில் அங்கே கேளுங்கள்.

இருட்டு மாதங்கள்

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிரைச் சட்டை தாங்கும், இருட்டைத் தாங்குவதுதான் சிரமம். காரணமில்லாமல் அழுகை வரும், எழுந்திருக்கத் தோன்றாது. பகலில் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரம் வெளியே நடங்கள். குளிர்காலத்தில் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கச் சொல்கிறது அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.; நம்மைப் போன்ற நிறமுள்ளவர்கள் வருடம் முழுக்க எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. மலிவான மாத்திரை, சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் போனால் முருங்கைக்காய் முதல் தோசை மாவு வரை கிடைக்கும். ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் அங்கே ஏராளம். மனம் கனத்தால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் பேசுங்கள். அது வீட்டுக்கோ விசா அலுவலகத்துக்கோ போகாது. இரவு எந்நேரமும் 116 123 என்ற சமாரிட்டன்ஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கோடை: ஆய்வேடு

வழிகாட்டி ஆசிரியரைச் சந்திக்கும் முறைகளுக்கு ஓர் எண்ணிக்கை இருக்கும், நான்கு அல்லது ஐந்து என்று. ஆகஸ்டில் அவர் விடுமுறையில் போவார். முதல் சந்திப்பிலேயே அவர் இல்லாத தேதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். இரண்டு பக்கமாவது எழுதி முந்தைய நாளே அனுப்புங்கள். மனிதர்களைப் பேட்டி காண்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அனுமதி வருமுன் எடுத்த பேட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன்படுத்த முடியாது. ஊரில் நமக்குத் தெரிந்தவர்தானே என்று போனில் பேசி எடுத்ததும் இதில் சேரும்.

முடித்த பிறகு தங்கி வேலை தேட ‘கிராஜுவேட்’ விசா. படிப்பை முடித்துவிட்டீர்கள் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பின், மாணவர் விசா காலாவதியாகும் முன், பிரிட்டனுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். இளநிலை, முதுநிலை முடித்து 2026 டிசம்பர் 31-க்குள் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம். இதற்கும் விண்ணப்பக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் கட்ட வேண்டியிருக்கும், அந்தப் பணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள். ஊருக்குத் திரும்புவதானால், அறையைக் காலி செய்யும் முன் மதிப்பெண் பட்டியலை முத்திரையோடு இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பும்வரை அந்த ஊர் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.